காலிப்பரில் ப்ளீடர் ஸ்குரூ உடைந்துவிட்டால்

டிஸ்க் பிரேக்கில் பேடை அழுத்தும் பாகம்தான் காலிப்பர்; பிரேக் ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்ற அதில் இருக்கும் சிறு திருகுதான் ப்ளீடர் ஸ்குரூ. அது உடைந்துவிட்டால், முதலில் மிச்சத் துண்டு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பாருங்கள். பிடிக்கக் கொஞ்சம் இருந்தால், துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஒரு இரவு ஊறவிட்டு, ஸ்குரூவின் நடு ஓட்டைக்குள் இறுக்கமாகப் போகிற ஒரு எஃகுக் கம்பியைச் செருகிய பிறகு லாக்கிங் பிளையரால் பிடித்துத் திருப்புங்கள், கம்பி இல்லையென்றால் உள்ளே வெற்றாக இருக்கும் ஸ்குரூ நசுங்கி இன்னும் கெட்டியாகிவிடும். வெல்டிங் தெரிந்தவர் இருந்தால் மேலே ஒரு நட்டை வைத்து ஒட்டச் சொல்லலாம். அந்தச் சூட்டிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன் காலிப்பரைக் கழற்றி, பிஸ்டனையும் ரப்பர் சீல்களையும் எடுத்து, பிரேக் ஆயிலைச் சுத்தமாக வடித்துவிட வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் சூடு காட்டவே கூடாது, விஷ வாயு வரும்!

உள்ளேயே உடைந்திருந்தால் இடதுபுறம் சுற்றும் ட்ரில் பிட்தான் என் தேர்வு, துளைக்கும்போதே சில சமயம் தானாகக் கழன்று வரும். நடு ஓட்டையே வழி காட்டும், அப்புறம் எக்ஸ்ட்ராக்டர் (உடைந்த திருகைக் கவ்வி வெளியே எடுக்கும் கருவி) போடலாம். எக்ஸ்ட்ராக்டரை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள், உள்ளே அது உடைந்தால் சாதாரண பிட் அதைத் துளைக்காது. அடியில் ஸ்குரூ உட்காரும் கூம்பு வடிவப் பரப்பில் ட்ரில் பட்டுவிட்டால் கசிவு நிற்காது, காலிப்பரையே மாற்றுங்கள்.