தலை அரிக்கிறதா? எண்ணெய்க் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

காரைக்குடிப் பக்கம் எந்த வீட்டிலும் தலை அரிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், எண்ணெய்க் கிண்ணம் வந்துவிடும். "எண்ணெய் காணாத தலை, சூடு ஏறிப்போச்சு" என்பார் ஆச்சி. தலையில் வருவதெல்லாம் சூட்டாலும் வறட்சியாலும்தான் என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. மற்றவை அதிலிருந்து கிளைத்தவை.

பொடுகையே எடுத்துக்கொள்வோம். மலாசீசியா என்ற பூஞ்சை எல்லோர் தலைத்தோலிலும் வாழ்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தை அதனால் தயாரித்துக்கொள்ள முடியாது, தோலில் சுரக்கும் எண்ணெயைச் சிதைத்துத்தான் பிழைக்கிறது. அப்போது உண்டாகும் பொருள்கள் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் எரிந்து, செதில் செதிலாக உதிர்கிறது. இந்தத் தலையில் ராத்திரி எண்ணெய் தேய்த்துக் காலை வரை ஊறவிடுவது பூஞ்சைக்குச் சோறு போடுவதுதான். செதில்கள் எண்ணெயில் நனைந்து ஒட்டிக்கொள்வதால் இரண்டு நாளைக்குக் குறைந்தது போலத் தெரியும். பிறகு முன்னைவிட அதிகமாகக் கொட்டும்.

எண்ணெய்க் குளியலையே விட்டுவிடச் சொல்லவில்லை. செவ்வாய், வெள்ளி தலைமுழுகுவது நம் வீடுகளில் தலைமுறைப் பழக்கம், அதில் ஒரு சுகமும் இருக்கிறது. பொடுகு அடங்கும் வரை மட்டும் தலைத்தோலுக்கு எண்ணெய் வேண்டாம். பிறகு வைத்தாலும் அன்றே நன்றாக அலசிவிடுங்கள். சீயக்காயும் அரப்பும் போடுகிறவர்கள், தூள் முடியடியில் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாம்பு வாங்கியவர்கள் செய்யும் தவறு வேறு. பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் 2% ஷாம்பு முடிக்கல்ல, தோலுக்கு. அதைப் போட்ட கையோடு தண்ணீர் ஊற்றினால் மருந்து வேலை செய்வதற்குள் போய்விடும். தோலில் படத் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம். பொடுகு அடியோடு ஒழிவதில்லை, அடங்கித்தான் இருக்கும். அதனால் குணமான பிறகும் வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ போட்டுவர வேண்டியிருக்கும். குன்றக்குடியில் மொட்டை போட்டால் பொடுகு போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நேர்த்திக்கடன் வேறு, வைத்தியம் வேறு. பூஞ்சை இருப்பது தோலில், முடியை எடுத்தாலும் அது அங்கேயே இருக்கும். எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்காதீர்கள், சாறு பட்ட இடத்தில் கொப்புளமும் கருந்திட்டும் வரலாம்.

எனக்குப் பெரிய கவலை பிள்ளைகளைப் பற்றித்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் தலையில் வட்டமாகச் செதில் தட்டி, முடி அடியோடு ஒடிந்து கரும்புள்ளிகளாகத் தெரிந்தால் அது பொடுகல்ல, படை. பூஞ்சை முடிவேருக்குள் இருப்பதால் களிம்பு அங்கே எட்டாது. கிரிசியோஃபல்வின், டெர்பினாஃபின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சொன்னபடி வாரக்கணக்கில் சாப்பிட்டால்தான் தீரும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை மட்டும் அடக்கும், அதன் மறைவில் படை பரவும். சில பிள்ளைகளுக்கு அந்த இடம் வீங்கிச் சீழ் வடியும். அதைச் சாதாரணக் கட்டி என்று கீறிவிடக் கூடாது. சிகிச்சை தாமதமானால் அங்கே முடி நிரந்தரமாகப் போய்விடலாம். ஒரு பிள்ளைக்கு வந்தால் வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் தலையையும் பாருங்கள். சீப்பு, துண்டு, தலையணை உறை தனித்தனியாக இருக்கட்டும்.

செதிலே இல்லாமல் வழுவழுவென்று வட்டமாக முடி கொட்டினால் அது புழுவெட்டு. புழு எதுவும் வெட்டுவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குகிறது. சின்ன வட்டமாக இருந்தால் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முடி முளைத்துவிடும். அதனால்தான் எதைத் தேய்த்திருந்தாலும் அதற்குப் பேர் கிடைக்கிறது. பச்சைப் பூண்டை அரைத்துப் பூசித் தோலைப் பொசுக்கிக்கொள்ளாதீர்கள்.

சொரியாசிஸ் என்ற தோல் நோய் தடித்த, வெள்ளி நிறச் செதிலாக நெற்றி ஓரம், காதுக்குப் பின்புறம் வரை இறங்கும். முழங்கையையும் முழங்காலையும் நகத்தையும் பார்த்தால் பெரும்பாலும் அடையாளம் தெரியும். அது ஒட்டாது. அந்த மனிதரைத் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கி வைப்பது பெரிய அநியாயம். இதற்கு மட்டும் எண்ணெய் உதவும். செதிலை ஊறவைத்து இளக்கிய பிறகு சாலிசிலிக் அமிலமோ நிலக்கரித் தாரோ கலந்த மருந்து போடுவார்கள். சீப்பால் சுரண்டினால் புண்ணாகி இன்னும் பரவும்.

பேனுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள், தோல் வெந்துபோகும், தீப்பிடிக்கவும் கூடும். பெர்மெத்ரின் 1% மருந்தைப் பத்து நிமிடம் வைத்து அலசி, பேன் சீப்பால் வாருங்கள். ஈர் ஏழு முதல் பத்து நாளில் பொரியும் என்பதால் ஒன்பது நாள் கழித்து மறுபடி போட வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் தலைக்குச் சாயம் பூசி, முகம் வீங்கி நிற்பவர்கள் உண்டு. காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகு பூசுங்கள்.

ஒரு மாதத்துக்குமேல் அடங்காத அரிப்பு, சீழ், காய்ச்சல், வட்டமாக முடி கொட்டுதல் என்றால் சிவகங்கை அல்லது புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போகலாம். போகிற அன்று தலையில் எண்ணெய் வைக்காதீர்கள், செதில் மறைந்துவிடும். இதுவரை போட்ட களிம்பு, எண்ணெய், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.