ஏரிச் சதுப்பின் மேடுபள்ளத்தை அளப்பது எப்படி?

பெங்களூரு ஏரிகளில் ராஜகால்வாய் (பெரிய மழைநீர் வாய்க்கால்) வந்து சேரும் பக்கம் தரை மிக மெல்லச் சரியும். 200 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்றால், உயரத்தில் 10 செ.மீ. பிசகினாலே நீர்க்கரை வரைபடத்தில் 20 மீட்டர் தள்ளிப் போய்விடும். இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் கட்டச் செயற்கைக்கோள் தரவு இங்கே உதவாது. அதன் பிழை மீட்டர் கணக்கில் இருக்கும். டிரோன் படமோ கோரையின் தலையை அளக்குமே தவிர அடித்தரையை அளக்காது. இறங்கித்தான் அளக்க வேண்டும்.

ஆட்டோ லெவல் (கிடைமட்டமாக நோக்கும் தொலைநோக்கிக் கருவி), ஸ்டாஃப் (அதன் வழியே பார்த்துப் படிக்கும் அளவுகோல்), 3 மீட்டர் அளவுக்கம்பு, அதன் அடியில் மாட்டிக் கழற்ற 20 செ.மீ. அகலத் தட்டு, உயிர்காப்பு ஜாக்கெட் வேண்டும். ஏரியைப் பராமரிக்கும் துறையின் அனுமதியும் வாங்குங்கள். தனியாக இறங்கவே கூடாது.

1. உபரிநீர் வழிந்தோடும் கலங்கலில் தொடங்குங்கள். கன்னடத்தில் இதையே கோடி என்பார்கள். அதன் மேல்விளிம்பை 100.00 மீ. என வையுங்கள், ஏரி நிரம்பி வழியும் மட்டம் அது. ஜிபிஎஸ் தரும் நீள்கோள உயரத்தை (பூமியை ஒழுங்கான நீள்கோளமாகக் கொண்டு கணக்கிடும் உயரம்) இதே அட்டவணையில் கலக்காதீர்கள். பெங்களூருவில் அது கடல்மட்ட உயரத்தைவிட 80 மீட்டருக்கும் மேல் குறைவாக வரும்.

2. லெவல் ஓட்டம். கலங்கலின் உயரத்தை மற்ற இடங்களுக்குக் கொண்டுபோவது இது. பின்நோக்கும் (உயரம் தெரிந்த புள்ளியைப் பார்ப்பது) முன்நோக்கும் (அடுத்த புள்ளியைப் பார்ப்பது) சம தூரமாக, 50 மீட்டருக்குள் இருக்கட்டும். கிளம்பிய இடத்திலேயே முடியுங்கள். 1 கி.மீ. சுற்றில் பிழை 12 மி.மீட்டரைத் தாண்டினால் மறுபடி ஓட்டுங்கள். காரணம் பெரும்பாலும் சேறுதான்: கருவியை இடம் மாற்றுவதற்குள் ஸ்டாஃப் அமுங்கிவிடும். கருவி இடம் மாறும்போது ஸ்டாஃப் நிற்கும் திருப்புப் புள்ளியைக் கல்லின் மேல் மட்டும் வையுங்கள்.

3. தண்ணீருக்குள். காற்றில்லாத காலையில் நீர்ப்பரப்பே நல்ல மட்டம். ஒரு முளை அடித்து அரை மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறியுங்கள். மட்டம் 99.62 என்று கொள்வோம். தட்டோடு இறக்கிய கம்பு 0.85 மீட்டரில் நின்றால் சேற்றின் மேற்பரப்பு 98.77. தட்டைக் கழற்றி அழுத்தும்போது 1.30-ல் முட்டினால் கெட்டித் தரை 98.32. நடுவே 45 செ.மீ. வண்டல்.

4. புள்ளிகள். நடு ஏரியில் 20 மீட்டருக்கு ஒன்று போதும். கரையோரத்திலும் கால்வாய் வாயிலும் 5 மீட்டருக்கு ஒன்று. கரையின் மேல்விளிம்பு, அடிவிளிம்பு இரண்டையும் தொடர்கோடாக எடுங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் கரையில் இல்லாத உடைப்பைக் காட்டும்.

5. வரைபடம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், புள்ளிகளை இணைத்து முக்கோண வலை அமைத்து 25 செ.மீ. சமஉயரக் கோடு வரையுங்கள். 20 செ.மீட்டருக்குள் நீர் நிற்கும் பட்டையைத் தனி நிறத்தில் காட்டுங்கள். நெடுங்கால் உள்ளான் என்ற நீர்ப்பறவை நடந்து மேயும் இடம் அது. வரைபடமில்லாமல் தூர்வாரினால் முதலில் அழிவதும் அந்தப் பட்டைதான்.

சரிபார்க்க, 20 புள்ளிகளை ஒதுக்கிவிட்டு வரைந்து, பிறகு அவற்றோடு ஒப்பிடுங்கள். 10 செ.மீட்டருக்கு மேல் விலகும் இடத்தில் மறுபடி கம்பை இறக்குங்கள்.