பென்னிகுயிக் என்றால் என்ன அர்த்தம்? அரிதான குடும்பப் பெயர் ஒன்றின் வேரைத் தேடும் வழி

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் சாமி படங்களோடு பென்னிகுயிக் படத்தையும் மாட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. எங்கள் வீடும் அப்படித்தான். போன பொங்கலுக்கு வந்திருந்த அக்கா மகன் படத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, பென்னிகுயிக்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டான். அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் வேலை 1887இல் தொடங்கியது, 1895இல் முடிந்தது என்றெல்லாம் எனக்கு மனப்பாடம். பெயருக்கு அர்த்தம் மட்டும் தெரியவில்லை.

விடை கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டு வாரம் தவறான இடத்தில் தேடியே போய்விட்டது. உங்களுக்கு அந்த இரண்டு வாரம் மிச்சமாகட்டும். பிரிட்டனின் எந்த அரிதான குடும்பப் பெயருக்கும் இதே வழிதான்.

படி 1: சொந்த ஊரில் எப்படிச் சொல்கிறார்கள்?

ஆங்கிலப் பெயர்களில் எழுத்து ஒன்று, ஒலி இன்னொன்று. ஃபெதர்ஸ்டன்ஹா என்று எழுதியிருப்பதை ஃபேன்ஷா என்று படிப்பவர்கள் உண்டு. சோல்மாண்ட்லி என்று நாம் படிப்பது அங்கே சம்லி. நாம் பென்னிகுயிக் என்பதும் எழுத்தைப் பார்த்துப் படித்ததுதான். இந்தப் பெயருக்கு மூலமான ஊர் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதைப் பெனிகுக் என்றே சொல்கிறார்கள். அந்தக் காலத்துப் பாதிரியாரும் குமாஸ்தாவும் காதில் விழுந்ததைத்தான் பதிவேட்டில் எழுதினார்கள். அதனால் ஒலியை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 2: எழுத்துக்கூட்டல்களை ஒரு தாளில் எழுதுங்கள்

அணை கட்டியவரின் பெயர் சி-யு-ஐ-சி-கே என்று முடியும். ஊரின் பெயர் சி-யு-ஐ-கே. இதே குடும்பப் பெயருள்ள, மருத்துவரும் கவிஞருமான ஓர் அலெக்சாண்டர் 17ஆம் நூற்றாண்டில் பிறந்தவர். அவர் பெயரில் 'என்' இரண்டு இருக்கும், நடுவில் 'ஒய்' இருக்காது, 'இ' (E) இருக்கும். சமையல்காரரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் போல சி-ஓ-ஓ-கே என்று முடிகிற எளிய வடிவமும் உண்டு. எல்லாம் ஒரே வேர்.

இவ்வளவையும் தனித்தனியாகத் தேட வேண்டாம். சவுண்டெக்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மெய்யெழுத்துகளுக்கு மட்டும் எண் தர வேண்டும். எம், என் இரண்டுக்கும் 5. சி, கே, க்யூ, ஜி எல்லாவற்றுக்கும் 2. ஒரே எண் பெறும் எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் ஒருமுறைதான் கணக்கு. மேலே சொன்ன வடிவங்களைக் கையால் போட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் பி522 என்றே வரும். அதாவது, பதிவேடுகளைத் தேடும் தளத்தில் ஒலியை வைத்துத் தேடும் வசதியை டிக் செய்தால் அத்தனை வடிவமும் ஒரே தேடலில் வந்துவிடும். இந்தக் கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கு நம்பிக்கையே வந்தது.

படி 3: எந்த நாட்டுப் பதிவேடு? (நான் மாட்டிக்கொண்ட இடம்)

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் பிறப்பு, திருமணம், இறப்புகளை அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1837 ஜூலையில். ஜான் பென்னிகுயிக் பிறந்தது 1841 ஜனவரி 15. சரி, பதிவு இருந்தே ஆக வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு, அந்தப் பதிவுகளை இலவசமாகத் தேட உதவும் ஃப்ரீபிஎம்டி தளத்தில் உட்கார்ந்தேன். எழுத்தை மாற்றினேன், ஆண்டை முன்னும் பின்னும் நகர்த்தினேன், மாவட்டம் மாவட்டமாகப் போனேன். பிறப்புப் பதிவு கிடைக்கவே இல்லை.

காரணம் சாதாரணமானது. அவர் பிறந்தது புனேயில். அப்பா பிரிட்டிஷ் படையில் அதிகாரி. 1849இல் பஞ்சாபில் நடந்த சிலியன்வாலா போரில் அப்பாவும் அண்ணன் அலெக்சாண்டரும் இறந்துபோனார்கள். இப்படி இந்தியாவில் பிறந்து ஞானஸ்நானம் பெற்ற வெள்ளைக்காரக் குழந்தைகளின் விவரம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கும். வங்காளம், சென்னை, பம்பாய் என்று மாகாணவாரியாக மூன்று வரிசை. புனே என்றால் பம்பாய் வரிசை. இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்கென்றே ஃபிபிஸ் என்ற சங்கம் ஒரு தரவுத்தளம் நடத்துகிறது, தேடக் காசு கிடையாது. நம் ஊர்ப் பக்கம் வேலை பார்த்த எந்த வெள்ளைக்கார அதிகாரியைத் தேடினாலும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. 'ஆங்கிலேய இஞ்சினியர்' என்று சின்ன வயதிலிருந்து கேட்டதால், பெயரும் இங்கிலாந்துப் பெயர் என்று நம்பியிருந்தேன். அது ஸ்காட்லாந்துப் பெயர். ஸ்காட்லாந்துக்குப் பதிவேடே தனி. அங்கே அரசுப் பதிவு 1855இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தையதெல்லாம் திருச்சபைப் பதிவேடுகளில் இருக்கும். ஃப்ரீபிஎம்டியில் ஸ்காட்லாந்து இல்லவே இல்லை. ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசுத் தளத்துக்குத்தான் போக வேண்டும். அட்டவணையில் தேட இலவசம், பக்கத்தின் படத்தைத் திறக்கத்தான் கட்டணம். அவசரப்பட்டுப் படங்களைத் திறக்காதீர்கள், முதலில் அட்டவணையை முழுக்கப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் பெயருக்குக் குலச்சின்னம் தருகிறோம் என்று ஃப்ரேம் போட்டு விற்கும் தளங்களுக்குக் காசு கொடுக்கவே கொடுக்காதீர்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுக்கும்தான் உரியது. ஒரே குடும்பப் பெயர் உள்ள எல்லோருக்கும் பொதுவான சின்னம் என்று ஒன்று கிடையாது.

படி 4: அர்த்தம்

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். பெயரின் இன்றைய எழுத்தைப் பிய்த்து அர்த்தம் சொல்லிவிடுவது சுலபம். பென்னி என்றால் சில்லறைக் காசு, குயிக் என்றால் வேகம், ஆக 'சீக்கிரம் காசு' என்று ஒருவர் எனக்கே விளக்கினார். அது தப்பு.

ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர் என்றால் ஊரைத்தான் கேட்க வேண்டும். எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில், நார்த் எஸ்க் ஆற்றங்கரையில் பெனிகுக் இருக்கிறது. ஆங்கிலம் வருவதற்கு முன்பு தென் ஸ்காட்லாந்தில் வேல்ஸ் மொழிக்குச் சகோதரியான ஒரு மொழி பேசினார்கள். அதில் 'பென்' என்றால் தலை, மேடு. நடுவிலுள்ள 'ய' ஆங்கிலத்தின் 'தி' மாதிரி. 'கோக்' என்றால் குயில். மொத்தமாகக் குயில் மேடு!

அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, தமிழில் எழுதிய 'பென்னிகுயிக்' என்ற பெயருக்குள் இருந்த 'குயி'யை விரலால் மறைத்து மறைத்துக் காட்டினான். எனக்கும் சிலிர்த்தது. ஆனாலும் அது தற்செயல்தான், ஆதாரம் ஆகாது. அங்கே கூவுவது நம் கருங்குயிலும் அல்ல, அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு பறவை.

ஊர்ப்பெயர் குடும்பப் பெயரானது எப்படி என்பதும் முக்கியம். சொந்த ஊரில் இருக்கிற ஆளை யாரும் ஊர் சொல்லி அழைக்க மாட்டார்கள். நிலம் வைத்திருந்தவர்கள் ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டார்கள், மற்றபடி வெளியூர் போய்க் குடியேறியவனுக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டியது. கம்பத்துக்காரர் என்று மதுரையில்தான் சொல்வார்கள், கம்பத்தில் சொல்வார்களா?

படி 5: எத்தனை பேர், எங்கே?

1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னார்வலர்கள் முழுக்கத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள், ரயில் வந்த பிறகும் குடும்பங்கள் பெரும்பாலும் பழைய வட்டாரத்திலேயே இருந்த காலம். அப்போது பிரிட்டனின் மக்கள்தொகை சுமார் 2 கோடியே 97 லட்சம். ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 4 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள், அதாவது 10 லட்சத்துக்கு 14,000 பேர் அளவில். உங்களுக்குக் கிடைக்கும் எண்ணிக்கையை 29.7ஆல் வகுத்தால் 10 லட்சத்துக்கு எத்தனை என்று வந்துவிடும். 300 பேர் என்றால் வெறும் 10.

இவ்வளவு அரிதான பெயரில் ஒரே குடும்பம் எட்டுப் பிள்ளைகளோடு ஊர் மாறினாலே பெயர்ப் பரவலைக் காட்டும் வரைபடத்தின் நிறம் மாறிவிடும். அதனால் தலைக்கணக்கோடு நிறுத்தாமல் வீட்டுக்கணக்கையும் எண்ணுங்கள்.

பின்சேர்க்கை 1: ஒலித் தேடலில் பின்காக் என்ற பெயரும் வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், அதற்கும் பி522தான். சவுண்டெக்ஸுக்கு ஒலி மட்டுமே தெரியும், வேர் தெரியாது. பிளிமத் நகரின் பெனிகம்குயிக் என்ற பகுதிப் பெயரையும் ஒலியை நம்பி இதோடு முடிச்சுப் போட வேண்டாம்.

பின்சேர்க்கை 2: பெயர்ப் பரவலைக் காட்டும் தளங்களில் இந்தியாவிலும் இந்தப் பெயர் தென்பட்டால், இங்கே தங்கிவிட்ட வெள்ளைக்காரக் குடும்பம் என்று உடனே எழுதிவிடாதீர்கள். தேனிப் பக்கம் நன்றிக்காகப் பிள்ளைகளுக்கு பென்னிகுயிக் என்று பெயர் வைக்கிறார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து தகப்பனானால், அவன் மகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் ஏறும். கணினிக்கு அவளும் ஒரு பென்னிகுயிக்.