பவர் கூடின காருக்கு பின் சஸ்பென்ஷன், முதல்ல எதை மாத்துற?

மஸ்டாங், கமாரோ மாதிரி பின் வீல்ல ஓடுற கார் வச்சிருக்கிற தம்பிமார், சாமான் ஓடர் பண்ண முதல் காருக்கு அடியில என்ன இரிக்கு எண்டு குனிஞ்சு பாருங்க. 2014 வரைக்கும் வந்த மஸ்டாங்ல பெரும்பாலும் சொலிட் அக்சில் (ரெண்டு பின் வீலையும் சேர்க்கிற ஒரே அக்சில்), 2015 மொடல்ல இருந்து பின் வீல் ரெண்டும் தனித்தனியா வேலை செய்யும், அதால ஒண்டுட சாமான் மத்ததுக்குச் சரிவராது.

லீஃப் ஸ்பிரிங் (பட்டை பட்டையா அடுக்கின ஸ்பிரிங்) எண்டா, அக்சிலரேட்டர ஒரேயடியா மிதிக்கக்குள்ள அக்சில் முறுகி, ஸ்பிரிங் எஸ் மாதிரி வளைஞ்சு, டயர் பிடிக்காம துள்ளும், அதுக்கு ட்ராக்ஷன் பார் (அக்சில் முறுகாமப் பிடிக்கிற கம்பி) போட்டாலே நல்ல வித்தியாசம் தெரியும். கொயில் (சுருள் ஸ்பிரிங்) எண்டா கீழ் கொன்ட்ரோல் ஆம் (அக்சில பொடியோட சேர்க்கிற கை) மாத்துங்க. ஆனா எல்லாத்துக்கும் முதல் புஷ் (இணைப்புகள்ல இரிக்கிற ரப்பர் வளையம்)! ரப்பர் வெடிச்சுக் கிடந்தா மேல என்னத்த போட்டும் காசுதான் வீண். பொலியூரித்தேன் புஷ் இறுக்கமா நிக்கும், சத்தமும் அதிர்வும் கொஞ்சம் கூடும்.

நம்மட மட்டக்களப்பு கல்முனை ரோட்டுல மார்கழி மழைக்குள்ள ஓடுறதெண்டா பின்பக்கத்த கல்லு மாதிரி இறுக்கிப் போடாதீங்க, ஈரத்துல வழுக்கும். அட்ஜஸ்ட் பண்ணக்கூடிய ஷொக் அப்சோபர்தான் என்ட தெரிவு. உயரத்த மாத்தினா பினியன் அங்கிளையும் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேர்ற இடத்துல பின் அக்சில்ட சாய்வு) கட்டாயம் செக் பண்ணுங்க, இல்லாட்டி பவர பின்னுக்குக் கொண்டு போற அந்த ஷாஃப்ட் அதிரும், அதுட மூட்டான யூ ஜொயின்ட் கெதியா தேயும்.