பம்ப் நின்னா முதல்ல ஊசி, பெறவுதான் போன்: இன்சுலின் பம்ப் பழுதாகும்போது நாம பண்ணுற தப்புகள்

ராத்திரி ரெண்டேகால் மணிக்கு பாட்டி வந்து எழுப்புனப்பதான் மகளோட பம்ப் கத்திக்கிட்டு இருக்கது எனக்கு தெரிஞ்சுது. ஸ்கிரீன்ல மோட்டார் எரர்னு நிக்குது. நான் செஞ்ச முதல் காரியம் கஸ்டமர் கேருக்கு போன் போட்டது, அதுதான் முதல் தப்பும். பேட்டரிய கழட்டி மாட்டினேன், திரும்பவும் அதே எரர், போன்ல இருந்தவர் சீரியல் நம்பர் கேட்டார், பம்புக்குப் பின்னால பொடி எழுத்துல இருக்கத டார்ச் அடிச்சு வாசிச்சு சொன்னேன், அவர் ஒண்ணொண்ணா செக் பண்ணச் சொன்னார், இப்படியே முக்கால் மணி நேரம் போச்சு. போனை வச்சுட்டு பிள்ள விரல்ல குத்திப் பாத்தா சுகர் 318. பெறவு அலாரம் ஹிஸ்டரிய பாத்தா எரர் வந்தது 12:40க்கு. போர்வைக்குள்ள கெடந்து கத்துனது யாருக்கும் கேக்கல. அப்போ ரெண்டு மணி நேரத்துக்கு மேல அவ உடம்புக்குள்ள ஒரு சொட்டு இன்சுலின் போகல.

டைப் 1 சுகர் (உடம்புல இன்சுலின் சுரக்காத வகை) உள்ள பிள்ளைங்க வச்சிருக்கவங்க, பம்ப் போட்டிருக்கவங்க எல்லாரும் இத மனசுல நல்லா பதிய வச்சுக்கணும்னுதான் எழுதுறேன். ஊசி போடுறவங்களுக்கு லாங் ஆக்டிங்னு ஒரு இன்சுலின் உடம்புல நாள் முழுக்க வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும், ஒரு வேளை ஊசி தவறினாலும் அது கொஞ்சம் தாங்கும். பம்ப்ல அது கெடையாது. பம்ப்ல போறது லிஸ்ப்ரோ, ஆஸ்பார்ட் மாதிரி வேகமா வேலை செய்யுற இன்சுலின் மட்டும்தான், அதையே சொட்டு சொட்டா விட்டு பேசலா, அதாவது நாள் முழுக்க வேண்டிய அடிப்படை இன்சுலினா ஓட்டுது. அது நின்னா ரெண்டு மூணு மணி நேரத்துல உடம்புல இருக்கது தீர ஆரம்பிக்கும், நாலஞ்சு மணி நேரத்துல கீட்டோன் (இன்சுலின் இல்லாதப்ப உடம்பு கொழுப்ப எரிச்சு உண்டாக்குற அமிலம்) ஏற ஆரம்பிச்சிரும். மிஷின் பழுதாகுறது ஆபத்து இல்ல, பழுதானதுக்கு அப்புறம் ஊசி போடாம போற ஒவ்வொரு மணி நேரமும்தான் ஆபத்து. அதனால பம்ப் நின்னுதா, சுகர் பாருங்க, டாக்டர் சொல்லி வச்ச கணக்குப்படி பேனாலயோ சிரிஞ்சுலயோ ஊசி போடுங்க, அதுக்கப்புறம் போன் எடுங்க. கஸ்டமர் கேர்ல இருக்கவருக்கு மிஷினத்தான் தெரியும், பிள்ளைக்கு எத்தன யூனிட் போடணும்னு அவர் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

அடுத்த தப்பு, சுகர் ஏறினா பம்ப் வழியாவே திரும்பத் திரும்ப கரெக்ஷன், அதாவது சுகர எறக்க கூடுதல் இன்சுலின் குடுக்கது. இது எல்லா வீட்டுலயும் நடக்குது. 260 காட்டுது, பம்ப்ல ஒரு கரெக்ஷன் போடுறோம், ஒரு மணி நேரம் கழிச்சு 290, இன்னொரு கரெக்ஷன், பம்ப் ஸ்கிரீன்ல போயாச்சுன்னுதான் காட்டும். ஆனா பம்ப்புக்கு தெரியுறது பிஸ்டன் தள்ளுனது மட்டும்தான், இன்சுலின் தோலுக்குள்ள போச்சா வெளிய வழிஞ்சுதான்னு அதுக்கு எப்படி தெரியும். அடைப்பு அலாரம் அடிக்கல்லியேன்னு நம்பாதீங்க, சின்ன பிள்ளைங்களுக்கு பேசல் ரொம்ப கொறச்சலா ஓடும், அடைப்புல அழுத்தம் கூடி அலாரம் அடிக்கவே மணிக்கணக்கா ஆகும். வெளிய ஒழுகுதுன்னா அலாரமே வராது. காரணம் தெரியாம 250க்கு மேல போயி, ஒரு கரெக்ஷனுக்கும் எறங்கலேன்னா அடுத்த டோஸ் சிரிஞ்சுலதான், பம்ப்ல இருந்து இன்சுலின உடம்புக்குள்ள கொண்டு போற செட்டையும் உடனே மாத்தணும். ஒரு தடவ அவ வயித்துல இருந்த செட்ட உரிச்சு எடுத்துப் பாத்தேன், உள்ள போற அந்த மெல்லிசு கேனுலா தூண்டில் முள்ளு மாதிரி மடங்கிக் கெடந்துது. இன்னொரு தடவ பிளாஸ்திரி ஓரம் ஈரமா இருந்துது, முகந்து பாத்தேன், ஆஸ்பத்திரி வராந்தா மணம். இன்சுலின்ல கெட்டுப்போகாம இருக்க சேக்குற மருந்தோட மணம் அது, ஒரு தடவ தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் மூக்கே சொல்லிரும் எங்கயோ லீக் ஆகுதுன்னு.

சிரிஞ்ச்னு சொன்னேன்ல, இங்கதான் நம்ம நாட்டுக்கே உள்ள ஒரு பெரிய குழி இருக்கு. இன்சுலின் சிரிஞ்ச் ரெண்டு வகை, சிவப்பு மூடி 40 ஐயூ, ஆரஞ்சு மூடி 100 ஐயூ, அதாவது ஒரு மில்லில இத்தன யூனிட்னு கணக்கு. பம்ப்புக்கு ஊத்துற இன்சுலின் 100. நம்ம ஊர் மெடிக்கல்ல போயி இன்சுலின் சிரிஞ்ச் தாங்கன்னு மட்டும் சொன்னா பெரும்பாலும் சிவப்பு மூடிதான் எடுத்துத் தருவாங்க, ஏன்னா ஹியூமன் இன்சுலின் பாட்டில் இங்க அதிகமா ஓடுறது 40 ஐயூதான். 100 ஐயூ பாட்டில்ல இருந்து சிவப்பு மூடி சிரிஞ்சுல 10ங்கிற கோடு வரைக்கும் இழுத்தா அது 10 யூனிட் இல்ல, 25 யூனிட். பிள்ளைக்கு அது என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. தலைகீழாவும் நடக்கும், பம்ப் இன்சுலின் தீந்து போச்சேன்னு அவசரத்துல கெடச்ச 40 ஐயூ பாட்டில எடுத்து ரிசர்வாயர்ல (பம்ப்புக்குள்ள இன்சுலின் நிக்கிற குப்பி) நெரச்சா, பம்ப் 10 யூனிட்னு நெனச்சு தள்ளுறது 4 யூனிட்தான். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் பத்து வாங்கி வீட்டுல வைங்க, பாட்டில்மேல 100னு எழுதியிருக்கத வாசிச்சுட்டு ஊசி போடுங்க, தூக்கக் கலக்கத்துல இருந்தாலும் வாசிச்சுட்டுதான் போடணும்.

இனி வாந்தி. எங்க வீட்டுப் பெரியவங்களையோ யாரையோ குத்தம் சொல்லல, எல்லா வீட்டுலயும் பிள்ள வாந்தி எடுத்தா முதல்ல வர்ற பேச்சு ராத்திரி தின்ன மீன்கறி சேரலங்கிறதுதான், பெறவு சீரகத் தண்ணி, சோடா. பம்ப் போட்ட பிள்ள வாந்தி எடுத்து, வயிறு வலிக்குன்னு சொன்னா முதல்ல கீட்டோன் பாக்கணும். ரத்தத்துல பாக்குற மீட்டர்னா 0.6க்கு கீழ பயமில்ல, 1.5 தாண்டினா டாக்டர்கிட்ட பேசியே ஆகணும், 3க்கு மேலன்னா ஆஸ்பத்திரி. யூரின் ஸ்ட்ரிப்தான் இருக்குன்னா அது பின்தங்கித்தான் காட்டும்ங்கிறத ஞாபகம் வச்சுக்கோங்க, அதுல கொஞ்சமாதானே நெறம் மாறியிருக்குன்னு இருந்துறக் கூடாது. மூச்சு ஆழமா பெருசா வாங்குது, வாயில பழுத்த பழம் மாதிரி மணம் வருது, வாந்தி நிக்கலேன்னா 108தான், வேற யோசனையே வேண்டாம். சாப்பிடலியே, வாந்திதானே எடுக்கான்னு இன்சுலின நிறுத்துறது எல்லாத்தையும் விட மோசமான தப்பு. கேஷுவாலிட்டில போனதும் மொத வாக்கியமே இப்படி இருக்கணும்: டைப் 1, பம்ப் பேஷண்ட், பம்ப் இத்தன மணிக்கு நின்னுது, கடைசியா ஊசி இத்தன மணிக்கு இத்தன யூனிட் போட்டோம், கீட்டோன் இவ்வளவு. இடுப்புல பம்ப் தொங்குதே அப்போ இன்சுலின் போயிட்டுதான் இருக்கும்னு அவங்க நெனச்சிர இடம் குடுக்கக் கூடாது.

அன்னைக்கு கடவுள் புண்ணியத்துல கீட்டோன் 0.9லயே நின்னுது, ஊசி போட்டு விடியக்காலம் எறங்கிட்டுது. காலைல திருவந்தரத்துல (திருவனந்தபுரம்) உள்ள டாக்டருக்கு போன் பண்ணி லாங் ஆக்டிங் எத்தன யூனிட்னு கேட்டேன். இதுவும் முன்னாடியே கேட்டு வச்சிருக்க வேண்டியது. பம்ப் ஒரு நாளைக்கு மொத்தமா எவ்வளவு பேசல் குடுக்குதுங்கிறத வச்சுதான் டாக்டர் அந்தக் கணக்க சொல்லுவார், பம்ப் செத்துப் போச்சுன்னா அந்த நம்பர எங்க போயி பாக்க? பேசல் எத்தன மணிக்கு எவ்வளவு, ஒரு யூனிட்டுக்கு எத்தன கிராம் கார்ப், ஒரு யூனிட் எவ்வளவு சுகர எறக்கும், ஆக்டிவ் இன்சுலின் டைம் (போட்ட இன்சுலின் எவ்வளவு நேரம் வேலை செய்யும்ங்கிறது), டார்கெட் சுகர், இத்தனையும் பேப்பர்ல எழுதியோ ஸ்கிரீன் ஸ்கிரீனா போட்டோ எடுத்தோ வைக்கணும். நான் அவ ரஃப் நோட்டோட கடைசி பக்கத்துல எழுதித்தான் வச்சிருந்தேன், ஆனா எழுதி ஆறு மாசம், நடுவுல டாக்டர் மூணு தடவ மாத்தியாச்சு. மாத்துற அன்னைக்கே தேதி போட்டு எழுதணும், புதுசா வர்ற பம்ப் வெறும் பம்ப்பாதான் வரும், பழைய செட்டிங் ஒண்ணும் அதுல இருக்காது.

ரீப்ளேஸ்மென்ட் வாங்குற விஷயத்துல நான் கத்துக்கிட்டது கொஞ்சம் விரிவா சொல்றேன். எரர் வந்ததும் ஓகே ஓகேன்னு அமுக்கி அழிச்சிராதீங்க, ஸ்கிரீன போட்டோ எடுங்க, நேரமும் எரர் நம்பரும் தெரியணும். சீரியல் நம்பர், பில், வாரண்டி முடியுற தேதி மூணும் போன்ல ஒரே இடத்துல இருக்கட்டும், எங்க பில் பீரோவுக்குள்ள எங்கயோ கெடந்து மறுநாள் மத்தியானம்தான் கெடச்சுது. கம்ப்ளைன்ட் பதிஞ்சா நம்பர் குடுப்பாங்க, அத கேட்டு வாங்காம போனை வைக்காதீங்க, அதே விஷயத்த சாயங்காலம் மெயில்லயும் எழுதிருங்க. தற்காலிகமா ஒரு பம்ப் தர முடியுமான்னு நேரா கேளுங்க, கேக்காம அவங்களா சொல்ல மாட்டாங்க. செட்டோ ரிசர்வாயரோதான் பிரச்சனைன்னா அதக் குப்பைல போடாதீங்க, கவர்மேல லாட் நம்பர் இருக்கும், அது இருந்தாத்தான் பேச முடியும். பழுதான பம்ப்பையும் அவங்க திருப்பிக் கேப்பாங்க.

அப்புறம் நம்ம ஜில்லாவோட தூரம். பெருநகரத்துல இருக்கவங்களுக்கு மறுநாள் கைல கெடைக்கும், எங்களுக்கு வந்தது நாலாவது நாள். கன்யாகுமரின்னு பின்கோட பாத்துட்டு கூரியர் எந்தப் பக்கமோ சுத்தும், தக்கலைக்கு உள்ள ரோட்டுல இருக்க வீட்டுக்கு கொண்டு வராம ஆபீஸ்லயே போட்டு வச்சிருப்பாங்க, நாமதான் கூப்பிட்டு விசாரிச்சு போயி எடுக்கணும். நம்ம லோக்கல் லீவும் வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது, மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் திருநாள், நவம்பர் 1 (ஜில்லா தமிழ்நாட்டோட சேந்த நாள்) எல்லாம் நாமதான் எடுத்துச் சொல்லணும். திருவந்தரத்துலயோ நாகர்கோவில்லயோ சொந்தக்காரங்க இருந்தா அந்த அட்ரஸ குடுக்கறது நல்லது. எப்படியும் நாலஞ்சு நாள் ஊசியிலேயே ஓட்டத் தயாரா இருக்கணும்னு நெனச்சே திட்டம் போடுங்க.

வாரண்டி முடிஞ்சாச்சுன்னு பேசாம இருந்துறதும் தப்பு. சில சமயம் கம்பெனியே குறைய ஒத்துக்கிட்டு மாத்திக் குடுக்கும். 2021 அக்டோபர்ல மெட்ரானிக்ங்கிற பம்ப் கம்பெனி அவங்க மினிமெட் 600 சீரிஸ்ல, ரிசர்வாயர புடிச்சு நிறுத்துற ரிங் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்க பம்ப்புகள, ரிங் உடையாட்டாலும் வாரண்டி முடிஞ்சிருந்தாலும், கருப்பு ரிங் உள்ளதா காசில்லாம மாத்தித் தர்றதா அறிவிச்சுது. நீங்க வச்சிருக்க மாடலுக்கு இப்படி ஏதாவது அறிவிப்பு வந்திருக்கான்னு அப்பப்ப கம்பெனி சைட்ல பாருங்க. மருத்துவக் கருவியால கெடுதல் நடந்தா சொல்றதுக்கு நம்ம நாட்டுலயே 2015ல தொடங்குன மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கு, அதுல பதியலாம். வாரண்டி இருந்தும் இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915.

புது பம்ப் வந்த சந்தோஷத்துல நான் பண்ணுன தப்பு இன்னும் நெஞ்ச உறுத்துது. முந்தின நாள் ராத்திரி ஒம்போது மணிக்கு லாங் ஆக்டிங் போட்டிருந்தேன், மறுநாள் காலை எட்டு மணிக்கே பம்ப்ப மாட்டி முழு பேசல் ஓட விட்டு ஸ்கூலுக்கு அனுப்பிட்டேன். ரெண்டு இன்சுலினும் சேந்து வேலை செஞ்சு பதினோரு மணிக்கு சுகர் 54. டீச்சர் போன் பண்ணுனப்ப என் கை நடுங்குன நடுக்கம்... ஜூஸ் குடுத்து ஏத்திட்டாங்க, ஆனா அது வந்திருக்கவே வேண்டாம். லாங் ஆக்டிங் போட்டு எத்தன மணி நேரம் ஆச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லி, பம்ப்ப எப்ப மாட்டணும், பேசல எவ்வளவு கொறச்சு தொடங்கணும்னு கேட்டுட்டுதான் மாட்டணும். புது பம்ப்புக்கு நீங்க கொஞ்ச நேரம் முன்னாடி போட்ட ஊசியும் தெரியாது, அது சொல்ற போலஸ (சாப்பாட்டுக்கோ கரெக்ஷனுக்கோ குடுக்குற டோஸ) அப்படியே நம்பிக் குடுத்தா இன்சுலின் மேல இன்சுலினா ஆகிரும். டியூப்ல இன்சுலின் நெரைக்கும்போது செட் உடம்புல மாட்டியிருக்கவே கூடாதுங்கிறத வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க.

பழுதே வராம பாக்குறதுக்கும் சில சொல்லணும். ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்த கையோட இன்சுலின நெரைக்காதீங்க, சூடேறும்போது டியூப்ல குமிழி வரும், கொஞ்ச நேரம் வெளிய வச்சு நெரைங்க. செட்ட ரெண்டு மூணு நாளுக்கு மேல ஓட்டாதீங்க, வெல அதிகம்னு தெரியும், ஆனாலும் வேண்டாம். பம்ப் தண்ணி தாங்கும்னு எழுதியிருந்தாலும் எங்கயாவது கீழ விழுந்து மயிர் அளவு கீறல் இருந்தா அந்தக் கணக்கு செல்லாது, முட்டத்துலயும் சொத்தவிளையிலயும் கடல்ல எறங்கினா கழட்டி நெழல்ல வைங்க, திற்பரப்பு அருவியிலயும் அப்படித்தான், ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல கழட்டிப் போடாதீங்க. எம்ஆர்ஐ ரூமுக்குள்ள பம்ப்ப கொண்டே போகக் கூடாது.

2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் அடிச்சப்ப எங்க பக்கம் எத்தனையோ நாள் கரண்ட் இல்ல, ரோட்டுல ரப்பர் மரம் விழுந்து கெடக்குது, மெடிக்கல் பூட்டிக் கெடக்குது. இப்ப எங்க வீட்டு வாசல் ஆணியில ஒரு பை தொங்குது. ஆரஞ்சு மூடி சிரிஞ்ச், கீட்டோன் ஸ்ட்ரிப், குளுக்கோமீட்டர், ரெண்டு செட், ரெண்டு ரிசர்வாயர், நல்ல கம்பெனி பேட்டரி, குளுக்கோஸ் பொடி, செட்டிங் எழுதுன பேப்பர், டாக்டர் லெட்டர். வேகமா வேலை செய்யுற பேனாவும் லாங் ஆக்டிங் பேனாவும் ஃப்ரிட்ஜ் கதவுல, கரண்ட் போனா மண்பானைத் தண்ணிக்குப் பக்கத்துல துணி சுத்தி வைக்க. மாசம் ஒண்ணாம் தேதி பைய எறக்கி எக்ஸ்பைரி பாக்குறது இப்ப அவளோட வேலை, பன்னெண்டு வயசுல எனக்கு முன்னாடியே கண்டுபிடிக்கா: "அம்மா, ஸ்ட்ரிப் அடுத்த மாசத்தோட முடியுது, வாங்கணும் கேட்டியா."