சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

சர்க்கரை நோயில் கண், சிறுநீரகம், இதயம், கால் என்று தனித்தனியாகப் பயப்படுகிறோம். இவை பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: ரத்தக் குழாயின் உட்சுவரில். அங்கே எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்வாக வைத்திருக்கின்றன. (இதைக் கண்டறிந்தவர்களுக்குத்தான் 1998-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.) குளுக்கோஸ் அடிக்கடி எகிறினால் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. சுவரிலுள்ள புரதங்களில் குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டு குழாய் விறைக்கிறது.

எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும். எந்தச் சாப்பாடு ஏற்றியது என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கைகொடுத்தது ஜோடிப் பரிசோதனை, அதாவது ஒரே சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அளப்பது.

முதல் வேலை: குளுக்கோமீட்டர் (விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் கருவி), ஒரு நோட்டு, பேனா. செயலிகளைவிட நோட்டையே பரிந்துரைப்பேன். என்ன சாப்பிட்டோம், எவ்வளவு, நடந்தோமா, எண் என்ன என்பதெல்லாம் ஒரே வரியில் கண்ணில் படும்.

அடுத்தது அளப்பது. சாப்பிடும் முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. பலரும் தடுமாறும் இடம் இதுதான். எனக்கும் வெகுநாள் தெளிவில்லாமல் இருந்தது. இரண்டு மணி நேரத்தைக் கை கழுவி எழுந்ததிலிருந்து எண்ணக்கூடாது, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். நிதானமாக அரை மணி நேரம் சாப்பிடுபவர் எழுந்த பிறகு எண்ணத் தொடங்கினால், ஏற்றம் வடிந்தபின் அளந்துவிட்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்று நம்பிவிடுவார். அதனால் முதல் வாய்க்கு முன்பே அலாரம் வையுங்கள். பொதுவான இலக்கு சாப்பிடும் முன் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள் (மி.கி./டெ.லி.). முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலக்கு வேறு. மருத்துவர் சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள். இலக்கோடு, இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தையும் எழுதுங்கள்.

அப்புறம் மாற்றம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதலில் வரிசையை மாற்றிப் பாருங்கள்: காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில். சாப்பாடு அதேதான், ஆனால் ஏற்றம் குறைய வாய்ப்புண்டு. பிறகு மாவுச்சத்தின் அளவைக் குறையுங்கள். அதன்பின் சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிட நடை. இயங்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலும் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்புக்கு இது பெரிய உதவி.

சரி, சர்க்கரை அடங்கினால் குழாய் தப்பித்துவிடுமா? அது மட்டும் போதாது. இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை) உள்ளவர்களின் கல்லீரல் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பை அதிகமாக ரத்தத்தில் விடும், நல்ல கொழுப்பான எச்டிஎல் குறையும். இது மீட்டரில் தெரியாது. மாவைக் குறைத்துவிட்டு அந்த இடத்தை வெண்ணெயாலும் கொழுப்பு மிகுந்த இறைச்சியாலும் நிரப்பினால் மீட்டர் எண் அழகாக இருக்கும், கெட்ட கொழுப்பான எல்டிஎல் ஏறும். பருப்பு, கொட்டைகள், மீன், தாவர எண்ணெய் என்று போவதே என் தேர்வு. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். ரத்த அழுத்தம், எல்டிஎல், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், இந்த மூன்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். சிறு குழாய்கள் பழுதாவதை ஆல்புமின் சீக்கிரமே காட்டிக்கொடுக்கும்.

பிற்சேர்க்கை: திடீரென்று மிக உயர்ந்த எண் வருவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். பழம் தொட்ட விரலில் அளந்தால் அப்படி வரும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி அளவிடுங்கள்.

இன்னொன்று முக்கியம். இன்சுலினோ, கிளிமிப்பிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் பேசாமல் மாவுச்சத்தைக் குறைக்க வேண்டாம், சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். 70-க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் திரும்பவும் அதே அளவு.