கிணற்றடியில் பிழை விட்டால் ஆய்வுகூடத்தில் திருத்த முடியாது: வன்னியில் கள ஆய்வு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழாய்க்கிணற்றின் கைப்பம்பை நாலு தரம் அடித்துவிட்டு, முதலில் வரும் தண்ணீரைப் போத்திலில் பிடிப்பதுதான் வன்னியில் நீர் ஆய்வுக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு. அந்தத் தண்ணீர் நிலத்தடி நீர் அல்ல. இரவு முழுக்க இரும்புக் குழாய்க்குள் நின்ற தண்ணீர். அதில் இரும்பும் நாகமும் (துத்தநாகம்) கூடுதலாகக் காட்டும், வெப்பநிலையும் மாறியிருக்கும். குழாய்க்குள் நிற்கும் நீரின் மூன்று மடங்கை வெளியேற்றிய பிறகே மாதிரி எடுக்க வேண்டும். 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயில் 20 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 157 லீற்றர். மூன்று மடங்கு 471 லீற்றர். நிமிடத்துக்கு 15 லீற்றர் வரும் பம்பு என்றால் அரை மணித்தியாலம் அடிக்க வேண்டும். ஒரு நாளில் முப்பது கிணறு என்று திட்டம் போட்டு வருகிறவர்கள் இந்த அரை மணித்தியாலத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். கிணற்றின் எண்ணிக்கையைக் குறையுங்கள், அடிக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள். கிணற்றின் ஆழம் தெரியாவிட்டால், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் அளந்து, அடுத்தடுத்து மூன்று வாசிப்பு மாறாமல் நின்றதும் எடுக்கலாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மனிதரின் உடம்புக்குள் என்ன போகிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் கிணறு மட்டும் போதாது. குசினியில் இருக்கும் குடத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒரு சராசரி எடுத்துவிட்டால் இரண்டு கேள்விக்குமே பதில் இராது.

அடுத்தது போத்தில். ஒரு கிணற்றுக்கு ஒரு போத்தில் என்று கொண்டு போவது பிழை. பார உலோகங்களுக்கான மாதிரியை 0.45 மைக்ரோன் வடிதாளால் வடித்து, அந்த இடத்திலேயே நைத்திரிக் அமிலம் விட்டு, பிஎச் 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். 250 மில்லிலீற்றர் போத்திலுக்குச் செறிந்த அமிலம் அரை மில்லிலீற்றர் அளவு போதும். ஒழுங்கு முக்கியம்: முதலில் வடிப்பு, பிறகு அமிலம். மாற்றிச் செய்தால் கலங்கலில் உள்ள மண் அமிலத்தில் கரைந்து, நீரில் இல்லாத உலோகமெல்லாம் இருப்பதாகக் காட்டும். அதே அமிலப் போத்திலில் நைத்திரேற்றையும் அளக்கக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நைத்திரிக் அமிலம் விட்ட தண்ணீரில் நைத்திரேற்று இருக்கத்தானே செய்யும்! அதற்கு அமிலம் விடாத தனிப் போத்தில், ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி, ஒரு நாளுக்குள் பரிசோதனை. புளோரைட்டுக்குக் கண்ணாடிப் போத்தில் கூடாது, புளோரைட்டு கண்ணாடியோடு தாக்கமடையும். பொலித்தீன் வகைப் பிளாஸ்ரிக் போத்தில்தான் சரி. பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ந்த மாதிரியில் உடனே புளோரைட்டு அளக்கும் மின்வாயை வைத்தால் வாசிப்பு விலகும். அறை வெப்பநிலைக்கு வரவிட்டு அளவிடுங்கள். பெயர்ச்சீட்டைப் போத்திலின் உடலில் ஒட்டுங்கள். மூடிகள் மாறும், போத்தில்கள் மாறாது.

இதெல்லாம் ஏன் கிணற்றடியிலேயே நடக்க வேண்டும் என்று கேட்பவர்கள், ஒரு தெளிந்த போத்திலை மாலைவரை வைத்துப் பார்க்கலாம். இரும்புள்ள குழாய்க்கிணற்று நீர் எடுக்கும்போது கண்ணாடி போல இருக்கும். காற்றுப் பட்டதும் மெல்ல மஞ்சளாகி, பின்னேரம் அடியில் கபிலப் படிவு நிற்கும். அந்தப் படிவோடு ஆசனிக்கும் இறங்கிவிடும். மேலே உள்ள தெளிந்த நீரை அளந்து “ஆசனிக் இல்லை” என்று எழுதினால் அது பொய்யான நிம்மதி. வன்னிக்கே உரிய இன்னொன்று கடின நீர். கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டும் தண்ணீர், போத்திலுக்குள்ளும் அதையே செய்யும். கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேற பிஎச் ஏறும், கல்சியம் காபனேற்று படியும். இரண்டு கிழமை மேசையில் நின்ற போத்திலில் கல்சியமும் காரத்தன்மையும் குறைவாகவும் பிஎச் கூடுதலாகவும் வரும். ஆகவே பிஎச், வெப்பநிலை, மின்கடத்துதிறன் மூன்றும் கிணற்றடியில், காரத்தன்மை அன்றைக்கே.

கிருமிப் பரிசோதனைக்குக் கிருமியழித்த போத்தில் வேண்டும், ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் போய்ச் சேர்வது நல்லது, 24 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. இங்கே பலர் கேட்க மறக்கும் கேள்வி: கிணற்றுக்குக் கடைசியாக எப்போது குளோரின் போட்டது? வெள்ளத்துக்குப் பிறகு குளோரின் தூள் போட்ட கிணற்றிலிருந்து எடுத்தால் கிருமி இல்லை என்றுதான் வரும். குளோரின் மணம் இருந்தால் சோடியம் தயோசல்பேற்று விட்ட போத்திலில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் போத்திலுக்குள்ளும் குளோரின் வேலை செய்துகொண்டே போகும்.

ஒரே ஒரு முறை மாதிரி எடுத்து “இந்தக் கிராமத்து நீர் இப்படி” என்று முடிவெழுதுவதும் பெரிய பிழை. மார்கழியில் மழை நீர் கலந்து நிற்கும் கிணறும் ஆவணியில் அடிமட்டத்துக்கு இறங்கிய கிணறும் வேறு வேறு. காலபோக விதைப்புக்குப் பிறகு பசளை போட்ட வயலருகே நைத்திரேற்று மாறும். குறைந்தது மாரி முடிவில் ஒன்று, கோடை முடிவில் ஒன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் முடிவை இங்கே அப்படியே பொருத்துவதும் கூடாது. குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல். வவுனியா பழைய வன்பாறை நிலம், மன்னார்க் கரையோரம் படிவுப் பாறை. வன்பாறை நிலத்தில் நீர் பாறையின் வெடிப்புகளுக்குள் ஓடுவதால், ஒரே வளவில் இரண்டு கிணறுகளின் புளோரைட்டு ஒன்றுக்கொன்று மடங்காக வேறுபடலாம். மாவட்டச் சராசரியைப் பார்த்து ஒரு வீட்டுக்குப் புத்தி சொல்லக் கூடாது.

எண்கள் வந்த பிறகு மூன்று இடத்தில் நின்று பாருங்கள். நைத்திரேற்றை நைத்திரேற்றாகக் கணக்கிட்டதா, நைதரசனாகக் கணக்கிட்டதா? உலக சுகாதார நிறுவனத்தின் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதும் சில ஆய்வுகூடங்கள் நைதரசனாகக் கணக்கிட்டுத் தரும் 11 மில்லிகிராம் என்பதும் ஒரே எல்லைதான். கலந்தால் நாலரை மடங்கு பிழைக்கும். அடுத்து, “கண்டறியப்படவில்லை” என்பதைப் பூச்சியம் என்று அட்டவணையில் எழுதாதீர்கள். ஆசனிக்குக்குரிய எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். கருவி 20க்குக் கீழே காணாது என்றால் அந்த முடிவால் எந்தப் பயனும் இல்லை. மூன்றாவது, நேரயன்களின் (நேர் மின்னேற்றமுள்ள அயன்கள்) மொத்தமும் எதிரயன்களின் (எதிர் மின்னேற்றமுள்ளவை) மொத்தமும் சமப்பட வேண்டும். நேரயன் 9.2, எதிரயன் 7.9 மில்லிசமவலு என்று வந்தால் வித்தியாசம் 1.3, மொத்தம் 17.1, அதாவது 7.6 வீதம். 5க்குள் நின்றால் நல்லது, 10ஐத் தாண்டினால் திரும்ப அளக்க வேண்டும். 7.6 என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எதிரயன் பக்கத்தில் சேரும் காரத்தன்மையைத்தான். ஜிபிஎஸ் புள்ளிகளையும் கவனியுங்கள். பழைய நில அளவைப் படங்கள் கண்டவளை எனப்படும் பழைய ஆள்கூற்று முறையில் உள்ளவை. கைபேசி தரும் ஆள்கூற்றை மாற்றாமல் அதில் வைத்தால் கிணறு 200 மீற்றருக்கு மேல் நகர்ந்து அடுத்தவர் வளவுக்குள் போய்விடும்.

நீரிலிருந்து நோய்க்குப் போகும்போது பிழையின் விலை கூடுகிறது. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது, வவுனியாவின் கிராமங்களிலும் இருக்கிறது. புளோரைட்டும் கடினத்தன்மையும், கட்மியம், ஆசனிக், களைநாசினி, வெயிலில் வேலை செய்து உடல் நீர் வற்றுவது என்று பல கருதுகோள்கள் ஆராயப்பட்டுள்ளன. எதுவும் தனியே முழுக் காரணம் என்று நிறுவப்படவில்லை. நோயாளி வீட்டுக் கிணற்றில் புளோரைட்டு கூடுதல் என்று ஒரு முறை அளந்துவிட்டு “புளோரைட்டே காரணம்” என்று எழுதுவது, நோய் தொடங்கிய காலத்து நீரை இன்றைய போத்திலில் தேடுவதாகும்.

ஒரு தடவை எடுத்த கிரியற்றினினை (சிறுநீரகம் வெளியேற்றும் இரத்தக் கழிவு) வைத்து யாருக்கும் நாட்பட்ட நோய் என்று பெயர் வைக்காதீர்கள். சிறுநீரகத்தின் வடிகட்டல் வீதம் (நிமிடத்துக்கு மில்லிலீற்றரில்) 60க்குக் கீழே, அல்லது சிறுநீரில் கிரியற்றினின் கிராமுக்கு அல்புமின் 30 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் “நாட்பட்ட”. அரிவு வெட்டு நாளில் பின்னேரம் வயலால் வந்தவரிடம் இரத்தம் எடுத்தால் நீர் வற்றியிருப்பதாலேயே கிரியற்றினின் ஏறும். காலையில், தண்ணீர் குடித்து ஆறிய பிறகு எடுங்கள். “காரணம் அறியப்படாத” என்பதற்கும் நிபந்தனை உண்டு: நீரிழிவு, கடும் இரத்த அழுத்தம், சிறுநீர்ப்பாதை நோய் எல்லாவற்றையும் விலக்க வேண்டும். பாம்புக்கடியும் அதில் சேர்ந்தது. வன்னியில் இதைக் கேட்காமல் விடவே கூடாது, புடையன் கடித்தால் சிறுநீரகம் பாதிக்கும். “பாம்பு கடிச்சதோ?” என்று கேட்டால் இல்லை என்பவர்கள், “விஷகடி வைத்தியரிட்டப் போனதோ?” என்று கேட்கும்போது பத்து வருடத்துக்கு முந்தியதைச் சொல்வார்கள்.

இப்போது வாசலில் கேட்கும் கேள்விகள். “எத்தினை வருசமா இந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கிறியள்?” “பிறந்ததிலயிருந்து.” இந்தப் பதிலை 54 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அது அவர் பிறந்த வளவு. ஆனால் இடையில் எத்தனை ஊர், எத்தனை தறப்பாள் கொட்டில், செட்டிகுளம் முகாமில் பவுசரில் வந்த தண்ணீர், மீள்குடியேறிய பிறகு வெட்டிய புதுக் கிணறு. 1977இன் வன்முறைக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு வேறு கணக்கு. 1990இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் மக்களுக்கு இன்னொரு கணக்கு. நாள்காட்டியைக் கேட்காதீர்கள், இடத்தைக் கேளுங்கள். ஒரு தாளில் கோடு கீறி 1990, 1995, சுனாமி, 2009, வீட்டுத்திட்டம் வந்த ஆண்டு என்று புள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் எங்கே இருந்தீர்கள், எதைக் குடித்தீர்கள் என்று நிரப்புங்கள். ஒரு ஆளுக்கு நாற்பது நிமிடம் எடுக்கும். 2009க்கு வரும்போது நிறுத்தி நிறுத்திப் போங்கள். தண்ணீர் ஆய்வுக்கு யார் இறந்தார்கள் என்று தெரிய வேண்டியதில்லை. அவர்களாகச் சொன்னால் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

சம்மதப் படிவத்தில் ஒப்பம் வாங்குவதை ஒரு சடங்காக நினைப்பதும் இங்கே பொருந்தாது. எந்தத் தாளில் ஒப்பம் வைத்தோம் என்று பயந்த அனுபவம் பலருக்கு உண்டு. வாய்மொழிச் சம்மதத்துக்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி எடுங்கள். அதிகாரி ஒருவரோடு போனால் பதில் மாறும், நிவாரணப் பதிவு என்று நினைத்தால் இன்னொரு விதமாக மாறும். ஏ9 வீதியோரமும் தார் ரோட்டும் உள்ள வீடுகளோடு மட்டும் நின்றுவிட்டால், குளத்தின் பின்பக்கம், காட்டோரம் இருப்பவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். கிராம அலுவலரின் பட்டியலில் இலக்கம் குலுக்கி எடுத்து, வீடு பூட்டியிருந்தால் பின்னேரம் திரும்பப் போங்கள். பக்கத்து வீட்டை மாற்றாக எடுக்காதீர்கள்.

வரலாறு, சமூகவியல் பக்கம் ஒரு பிழையை மட்டும் சொல்லியாக வேண்டும். முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும்தான் தனி மாவட்டமாயின. 1981 குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. 2001 மதிப்பீடு இங்கே முழுமையாக நடக்கவில்லை. மாவட்டப் பெயரை மட்டும் வைத்து 1981ஐயும் 2012ஐயும் ஒப்பிட்டால் எல்லை மாற்றமே சனத்தொகை மாற்றமாகத் தெரியும். பிரதேச செயலகப் பிரிவுவரை இறங்கி, எல்லையைப் பொருத்திய பிறகே ஒப்பிட வேண்டும்.

கடைசியாக, முடிவை வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுக்காமல் விடுவது. ஒருவரின் கிணற்றில் புளோரைட்டு லீற்றருக்கு 2 மில்லிகிராம் என்று தெரிந்தும் அதை ஆய்வேட்டில் மட்டும் எழுதி வைப்பது அநியாயம். ஒரு சிறு துண்டில் எழுதுங்கள்: இலங்கைத் தரம் 1, உங்கள் கிணற்றில் 2, கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது, நீர் ஆவியாக இன்னும் செறியும், நிரந்தரப் பல் உருவாகும் எட்டு வயது வரையான பிள்ளைகளுக்கு வேறு தண்ணீர் கொடுங்கள். பக்கத்து வளவில் 0.6 உள்ள கிணறு இருந்தால், அந்த வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு அதையும் சொல்லுங்கள். மாதிரி எடுத்த திகதியை மறக்காமல் போடுங்கள். ஆவணியில் எடுத்த எண்ணை மார்கழித் தண்ணீருக்கும் அதுதான் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது.